சொந்த ஊரிலேயே சொகுசு ஹோட்டல்: மதுரையில் இரண்டு நாள் ஓய்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மதுரையில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். ஜூலை மாதம் எங்களுக்கு ராத்திரி பகல் கிடையாது. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய வருகிறவர்கள் எல்லோரும் கடைசி வாரத்தில்தான் வருவார்கள். அது ஓய்ந்ததும், வீட்டுக்காரர், மகள், மாமியார் என்று நாலு பேருமாக உள்ளூரிலேயே ஒரு பெரிய ஹோட்டலில் இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வருகிறோம். நாலு வருஷமாக இது நடக்கிறது. விஷயம் வெளியே தெரிந்ததிலிருந்து சொந்தக்காரர்களும் ஆபீஸ்காரர்களும் வெளியூர் சிநேகிதிகளும் ஒரே கேள்விகளைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

மதுரைக்குள்ளேயே வீடு இருக்கும்போது எதற்கு ஹோட்டல்? காசு கொழுத்துப்போச்சா?

இது என் சித்தி கேட்டது, அதே வார்த்தையில். கொடைக்கானலுக்குப் போனால் யாரும் இப்படிக் கேட்க மாட்டார்கள். வத்தலக்குண்டு தாண்டி வளைந்து வளைந்து ஏறி, பிள்ளை இரண்டு முறை வாந்தி எடுத்து, மேலே போய்ப் பார்க்கிங் கிடைக்காமல் சண்டை போட்டு, ஞாயிறு ராத்திரி இடுப்பு ஒடிய வீடு திரும்பினால் அதற்குப் பெயர் ஓய்வு. வீட்டிலிருந்து ஆட்டோவில் இருபது நிமிஷத்தில் போய், கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினால் அது கொழுப்பு.

வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இருந்தாலும் ஓய்வு இல்லை. மாவு ஆட்ட வேண்டும், தண்ணீர் லாரி வரும், காஸ் வரும், யாராவது பத்திரிகை வைக்க வருவார்கள். ஆடி மாதமென்றால் காலை ஐந்து மணிக்கே தெருமுனை மைக்செட்டில் அம்மன் பாட்டு. ஹோட்டல் ரூமின் விலையில் பாதி மெத்தைக்கு. மீதிப் பாதி, காலிங் பெல் இல்லாத கதவுக்கு. இரண்டாவதுக்குத்தான் நான் காசு கொடுக்கிறேன்.

உள்ளூர் ஆதார் காட்டினால் ரூம் தர மாட்டார்களாமே?

சில சின்ன லாட்ஜ்களில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. மதுரை விலாசத்தைப் பார்த்ததும் ‘ரூம் ஃபுல் மேடம்’ என்பார்கள். அது அவர்களாகப் போட்டுக்கொண்ட விதி. சட்டத்தில் அப்படி ஒன்றும் கிடையாது. பெரிய ஹோட்டல்களில் எங்களுக்கு ஒருமுறைகூட இந்தச் சிக்கல் வந்ததில்லை. ஆனாலும் ஆன்லைனில் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு போன் போட்டு, ‘நாங்க லோக்கல்தான், பரவாயில்லையா’ என்று கேட்டுவிடுங்கள். கட்டிய பணத்தைத் திரும்ப வாங்குவது பெரிய பாடு.

கல்யாணமாகாத இரண்டு பேர் சேர்ந்து தங்குவது பற்றியும் ஆபீசில் ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள். திருமணமாகாத ஆணும் பெண்ணும் ஹோட்டல் அறையில் தங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என்று 2019 டிசம்பரில் ஒரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. இருவரும் பதினெட்டு வயது தாண்டியவர்களாக இருந்து, ஆளுக்கொரு அடையாள அட்டை காட்டினால் போதும். ரிசப்ஷன்காரர் முகம் எப்படிப் போகும் என்பதற்கு நீதிமன்றம் பொறுப்பில்லை.

அடையாளத்துக்கு ஆதார், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் எதுவும் ஆகும். பான் கார்டில் விலாசம் இல்லை, ஆகவே எடுக்க மாட்டார்கள். ஆதார் கொடுப்பதென்றால் கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற ‘மாஸ்க்டு’ ஆதாரை இறக்கி வைத்துக்கொண்டு அதைக் கொடுங்கள்.

எந்தப் பக்கம் தங்குவது?

கோயிலைச் சுற்றியுள்ள தெருக்கள், குறிப்பாக மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி, வெளியூர்க்காரர்களுக்கு நல்ல இடம். ஸ்டேஷனிலிருந்து நடந்தே வரலாம், கோயிலுக்கும் நடந்தே போகலாம், கீழே இறங்கினால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் புரோட்டா கிடைக்கும். ஆனால் ஓய்வு கிடைக்காது. ஹாரன் சத்தம் மூன்றாவது மாடி வரை ஏறி வரும். அங்கே மாடிக்கு மேல் மாடி எழுப்பவும் முடியாது: கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் ஒன்பது மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டக் கூடாது என்பது விதி. (விதி இருக்கிறது என்றுதான் சொன்னேன்.) நீச்சல் குளம், தோட்டம், பெரிய வண்டி நிறுத்தம் என்று இடம் தேவைப்பட்ட ஹோட்டல்களெல்லாம் வெளியே போனது இயல்புதான்.

வெளியே என்றால் மூன்று திசை.

வடக்கே, வைகைக்கு அந்தப் பக்கம்: தல்லாகுளம், ரேஸ் கோர்ஸ், அழகர் கோயில் ரோடு. தமிழ்நாடு ஹோட்டலிலிருந்து மாரியட் வரை எல்லா விலையிலும் ரூம் இருக்கிறது. காந்தி மியூசியம் பக்கத்தில். நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம். படிக்கிற பிள்ளை இருந்தால் அந்த நூலகத்திலேயே அரை நாள் ஓடிவிடும்.

தெற்கே பசுமலை. மலைமேல் இருக்கும் கேட்வே ஹோட்டல், வெள்ளைக்காரர் காலத்தில் மில் நிர்வாகத்தினர் இருந்த பங்களாவைச் சேர்த்துக் கட்டியது. நம் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் ‘ஹார்வி மில்’ என்று சொல்கிறார்களே, அந்த மில். கோயிலிலிருந்து ஆறு கிலோமீட்டர் இருக்கும். மரங்கள் நிறைய. மயில்கள் நம்மைக் கண்டு ஒதுங்காது, நாம்தான் ஒதுங்கிப் போக வேண்டும். ஏர்போர்ட்டும் இந்தப் பக்கம்தான்.

மேற்கே கோச்சடை. மேலக்கால் ரோட்டில் இருக்கும் ஹெரிடேஜ் மதுரை, முதலில் அதே மில் கம்பெனியின் கிளப்பாக இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் அதை வடிவமைத்தவர் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா. நம் கோயில் தெப்பக்குளம் மாதிரி, படி இறங்கிப் போகிற அமைப்பில் அங்கே நீச்சல் குளம். தங்காவிட்டாலும் ஒரு நாள் சாயங்காலம் காபி குடிக்கப் போய்ப் பார்க்கலாம்.

என்னைக் கேட்டால், வெளியூரிலிருந்து சாமி கும்பிட வருகிறவர்கள் கோயில் பக்கமும், உள்ளூர்க்காரர்கள் வெளியேயும் தங்குவது நல்லது. நாம் தினமும் சிம்மக்கல் சிக்னலில் நிற்கிறவர்கள். ஓய்வுக்கு என்று போயும் அந்த ஹாரனைக் கேட்க வேண்டுமா?

ரூமிலிருந்து கோபுரம் தெரியுமா?

‘டெம்பிள் வியூ’ என்று போட்டிருந்தால் எவ்வளவு தூரத்திலிருந்து என்று கேளுங்கள். தெற்குக் கோபுரமே 170 அடிக்குக் கிட்ட. அதனால் ஊரில் எந்த மொட்டை மாடியிலிருந்தும் ஏதோ ஒரு கோபுரத்தின் நுனி தெரியத்தான் செய்யும். அதற்காகக் கூடுதலாக ஆயிரம் கொடுக்க வேண்டியதில்லை. ராத்திரி மொட்டை மாடி ரெஸ்டாரண்டில் ஒரு சூப் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் அதே கோபுரம்தான்.

எந்த மாதம் போகலாம்?

சித்திரைத் திருவிழா சமயத்தில் மறந்தும் போகாதீர்கள். திருக்கல்யாணம், தேரோட்டம், அழகர் ஆற்றில் இறங்குவது என்று ஊரே வீதியில் இருக்கும்; ரூம் விலையும் வெயிலோடு போட்டி போடும். பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

தெரியாதது முகூர்த்த நாள். இதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். முதல் வருஷம் ஆவணி பிறந்த பிறகு போனோம். நல்ல ஹோட்டல், பெயர் வேண்டாம். வெள்ளைப் போர்வை, இருட்டுத் திரை, பதினெட்டு டிகிரி ஏசி. காலை நாலரைக்கு, தலையணைக்கு அடியிலிருந்து கிளம்பிய மாதிரி ஒரு தவில் சத்தம். திரையை விலக்கிப் பார்த்தால் கீழே வாழை மரம் கட்டி, சீரியல் லைட் போட்டு, மாப்பிள்ளை அழைப்பு நடந்துகொண்டிருக்கிறது. எங்கள் ரூமுக்கு நேர் கீழேதான் கல்யாண ஹால். ரிசப்ஷனுக்குப் போன் போட்டேன். அந்தப் பையன் ரொம்பப் பணிவாக, ‘மேடம், முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை வரைக்கும்தான்’ என்றான். நான் ஏதோ மொய் எழுதக் கேட்ட மாதிரி. வீட்டுக்காரருக்கு மட்டும் நாதஸ்வரம் பிடித்திருந்தது.

அன்றிலிருந்து எங்கள் கணக்கு இதுதான்: ஆடியில் போவது. ஆடியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஹால் காலி, ரூமும் காலி, விலையும் இறங்கி வரும். மார்கழியிலும் கல்யாணம் இல்லை, குளிரும் நன்றாக இருக்கும், ஆனால் யாத்திரைக் கூட்டம் உண்டு. வேறு மாதம்தான் முடியும் என்றால், காலண்டரில் முகூர்த்த நாளைப் பார்த்துவிட்டு, போனில் ‘அன்னைக்கு ஹால் புக் ஆகியிருக்கா? ஆகியிருந்தால் எதிர்ப்பக்க ரூம் கொடுங்க’ என்று கேளுங்கள். ஆடி அமாவாசை, ஆடி வெள்ளியை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள். ராமேஸ்வரம் போகிற வண்டிகள் எல்லாம் நம் ஊர் வழியாகத்தான் போகும்.

சென்னையிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரசில் விடியற்காலையில் வந்து இறங்கினால் ரூம் கிடைக்குமா?

பெரிய ஹோட்டல்களில் செக்-இன் பகல் இரண்டு மணிக்குத்தான். விடிகாலை ஐந்தரைக்குப் போய் நின்றால் சோபாதான் கிடைக்கும். ரூம் காலியாக இருந்தால் சீக்கிரமே கொடுப்பதும் உண்டு. அதை முந்தின நாளே போனில் கேட்டு, பேசியவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பெட்டியை ரிசப்ஷனில் விட்டுவிட்டு நேராகக் கோயிலுக்குப் போய்விடலாம். காலை ஐந்து மணிக்கு நடை திறந்துவிடும், அந்த நேரத்தில் கூட்டமும் குறைவு. ஸ்டேஷனிலேயே ஓய்வறையும் உண்டு, குளிக்க அது போதும். கோயில் பக்கத்து லாட்ஜ்கள் பலவற்றில் 24 மணி நேரக் கணக்கு: நீங்கள் எத்தனை மணிக்கு நுழைகிறீர்களோ மறுநாள் அத்தனை மணி வரை. ரயிலில் வருகிறவர்களுக்கு அது லாபம்.

வாடகை எவ்வளவு ஆகும்? ஜிஎஸ்டி எப்படிப் போடுகிறார்கள்?

வாடகை நாளுக்கு நாள் மாறும், அதை நான் சொல்லி என்ன ஆகப்போகிறது. ஆனால் வரிக் கணக்கு என் பிழைப்பு. அதைச் சொல்லாமல் விட மாட்டேன்.

2025 செப்டம்பர் 22 முதல், ஒரு ரூமுக்கு ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு மேல் போனால் 18. அந்தக் கோட்டைத் தாண்டுவது நூறு ரூபாயானாலும் முழு வாடகைக்கும் 18 விழும். 7,500 ரூபாய் ரூமுக்கு வரி 375, மொத்தம் 7,875. 7,600 ரூபாய் ரூமுக்கு வரி 1,368, மொத்தம் 8,968. வாடகையில் நூறு ரூபாய்தான் வித்தியாசம், கையிலிருந்து போவதோ 1,093 ரூபாய் கூடுதல்.

போர்டில் எழுதியிருக்கும் விலையைப் பார்க்க வேண்டாம், உங்களிடம் உண்மையில் வாங்குகிற விலைதான் கணக்கு. ஆகவே 7,700, 7,800 என்று சொன்னால் பேரம் பேசுவதில் வெட்கமே வேண்டாம். காலைச் சாப்பாடு சேர்த்த விலையா என்று கேளுங்கள். சேர்த்து 7,900, சேர்க்காமல் 7,300 என்றால் சேர்க்காததை எடுங்கள். கூடுதல் கட்டில் போட்டால் அந்தக் காசும் வாடகையோடு சேர்ந்துவிடும், ஜாக்கிரதை.

சாப்பாட்டு பில்லில் இன்னொரு வேடிக்கை. போன நிதியாண்டில் அந்த ஹோட்டலில் ஒரு ரூமாவது 7,500-க்கு மேல் போயிருந்தால், உள்ளே இருக்கும் ரெஸ்டாரண்டுக்கு 18 சதவீதம். இல்லையென்றால் சாதாரணமாக 5 சதவீதம்தான். 2025 ஏப்ரலிலிருந்து இந்தக் கணக்கு. அதாவது சித்திரைத் திருவிழாவில் யாரோ ஒருத்தர் பெரிய சூட் ரூம் எடுத்ததற்கு, அடுத்த வருஷம் ஆடியில் என் அத்தை (மாமியாரைத்தான் சொல்கிறேன்) சாப்பிடும் இட்லிக்கு 18 சதவீதம். சொன்னபோது அத்தை நம்பவே இல்லை.

பில்லில் ‘சர்வீஸ் சார்ஜ்’ போட்டால் கொடுக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. உணவு பில்லில் தானாகச் சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொல்லுங்கள், எடுத்துவிடுவார்கள். எடுக்கவில்லை என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. சர்வீஸ் சார்ஜ் வேறு, டிப்ஸ் வேறு. ரூமைச் சுத்தம் செய்கிற பிள்ளைக்குக் கையில் கொடுங்கள். தலையணைமேல் வைத்துவிட்டு வந்தால் யார் கைக்குப் போகிறதோ.

மாமியாரைக் கூட்டிப் போனால் சரிப்படுமா?

அத்தையைக் கூட்டிப் போன வருஷம்தான் எனக்கே இந்தப் பயணம் எதற்கு என்று புரிந்தது.

முதல் நாள் மூன்று கூத்து. கதவோரம் கீ கார்டைச் சொருகினால்தான் லைட்டும் ஏசியும் வேலை செய்யும் இல்லையா, ‘தொலைஞ்சு போகும்’ என்று அத்தை அதை உருவிச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார். ரூம் இருட்டாகிவிட்டது. ‘அஞ்சு நட்சத்திரத்துலயும் கரண்ட் கட்டா?’ என்றார். அப்புறம் கெட்டிலில் பால் காய்ச்சப் பார்த்தார். கெட்டில் தண்ணீருக்கு மட்டும்தான்; பால் ஊற்றினால் அடிப்பிடித்து நாறிவிடும், சுத்தம் பண்ணக் காசும் கேட்பார்கள். மூன்றாவது, மறுநாள் காலை நான் கண் விழித்தபோது அத்தை ஏற்கெனவே குளித்து, தன் கட்டில் விரிப்பை நான்கு மூலையும் ஒத்து வரும்படி மடித்து, ஈர டவலை நாற்காலியில் காயப்போட்டு, குப்பைக் கூடையை வாசலில் கொண்டுபோய் வைத்திருந்தார்.

சுத்தம் செய்ய வந்த பிள்ளை திகைத்துப்போய் நின்றது. அத்தை, ‘ஏம்மா, உனக்கு எந்த ஊரு?’ என்று ஆரம்பித்தார். உசிலம்பட்டிப் பக்கம். பத்து நிமிஷத்தில் இருவருக்கும் பொதுவான ஒரு சம்பந்தக்காரரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை மடித்த விரிப்பை உதறி, திரும்ப விரித்து, ஓரத்தை மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகியது. அத்தை பக்கத்தில் நின்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். ‘ஏத்தா, நான் கல்யாணமாகி வந்து நாப்பத்தேழு வருசத்துல என் படுக்கைய இன்னொருத்தி விரிச்சு இன்னைக்குத்தான் பாக்குறேன்’ என்றார் என்னிடம். அன்று மத்தியானம் மூன்று மணி நேரம் தூங்கினார். வீட்டில் அவர் பகலில் படுத்து நான் பார்த்ததில்லை.

நடைமுறை விஷயங்கள்: லிஃப்டுக்குப் பக்கத்து ரூம் கேளுங்கள். குளியலறையில் பாத் டப் இல்லாத, நின்று குளிக்கிற ரூமாகக் கேளுங்கள்; டப்பில் கால் தூக்கி ஏறுவது முழங்கால் வலிக்காரர்களுக்கு ஆபத்து. வழுக்காத ரப்பர் விரிப்பும் பிளாஸ்டிக் ஸ்டூலும் கேட்டால் கொடுப்பார்கள். கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இருக்கிறதா என்பதை மட்டும் முன்பே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

காலை பஃபேயில் என்ன சாப்பிடலாம்?

மூடி போட்ட பாத்திரத்தில் இருக்கும் இட்லியை எடுக்காதீர்கள். தெருவுக்குத் தெரு நல்ல இட்லி கிடைக்கிற ஊர்க்காரர்கள் நாம். அரை மணி நேரம் ஆவியில் கிடந்து ஓரம் விறைத்த இட்லி நமக்கு இறங்காது. தோசைக் கல்லுக்குப் பின்னால் ஒரு மாஸ்டர் நிற்பார், அவரிடம் போய், ‘எண்ணெய் கொஞ்சமா, முறுகலா’ என்று சொல்லி நின்று வாங்குங்கள். முட்டையும் அப்படித்தான். பொங்கல் எப்போதும் நன்றாக இருக்கும், ஏனென்றே தெரியவில்லை. ஃபில்டர் காபி தனியாகக் கேட்க வேண்டும். மெஷினில் வருவதைக் குடித்துவிட்டு ஹோட்டலைத் திட்டாதீர்கள்.

பஃபே பத்தரை வரைக்கும் இருக்கும். எட்டு மணிக்கே அலறி அடித்துக்கொண்டு இறங்க வேண்டாம்.

வெளியிலிருந்து சாப்பாடு வாங்கி வரலாமா?

ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும். ரெஸ்டாரண்டுக்குள் கொண்டுபோகக் கூடாது, ரூமில் பெரும்பாலும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆன்லைனில் வரவழைத்தால் கேட்டுக்கு இறங்கிப் போய் வாங்க வேண்டியிருக்கும். கறி தோசையை மட்டும் கடையிலேயே நின்று சாப்பிட்டு வாருங்கள். ரூமுக்குள் கொண்டுவந்தால் வாசனை இரண்டு நாள் திரையை விட்டுப் போகாது, கறி தோசையும் ஆறிப்போய் வீணாகும். ஜிகர்தண்டா அப்படியில்லை, ரூமில் சின்ன ஃப்ரிட்ஜ் இருக்கிறது. அதற்குள் இருக்கும் சாக்லேட்டையும் கூல்டிரிங்ஸையும் நகர்த்தும்போது எண்ணி வைத்துக்கொள்ளுங்கள், எடுத்தால் விலை கடையைவிடப் பல மடங்கு.

எதையெல்லாம் வீட்டுக்கு எடுத்து வரலாம்?

சோப்பு, ஷாம்பு, சீப்பு, பல் துலக்கும் செட், டீத்தூள் பொட்டலம், துணிச் செருப்பு. டவல், குளியல் அங்கி, ஹேங்கர், கெட்டில் கூடாது. என் கொழுந்தனாருக்காகத்தான் இதை எழுதினேன்.

நீச்சல் குளத்தில் பெண்கள் என்ன உடுத்துவது?

பருத்தித் துணி கூடாது என்பதுதான் விதி. நூல் பிரிந்து குளத்தின் வடிகட்டியை அடைக்கும். சுடிதாரோடு இறங்க விடமாட்டார்கள். முழுக்கை வைத்து, கணுக்கால் வரை மூடுகிற நைலான் நீச்சல் உடை எல்லா அளவிலும் கிடைக்கிறது, நான் அதைத்தான் போடுகிறேன். யார் பார்ப்பார்கள் என்ற கூச்சம் இருந்தால் குளம் திறந்தவுடனே காலையில் போங்கள். மற்றவர்கள் தோசைக் கல் முன்னால் நிற்கிற நேரம் அது. நீந்தத் தெரியாவிட்டாலும் படியில் உட்கார்ந்து காலை விட்டுக்கொண்டிருக்கலாம். அத்தை அப்படித்தான் இருந்தார், கண்டாங்கியைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பிள்ளைகளுக்கு ஆழத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். உயிர்காப்பாளர் எப்போதும் இருப்பார் என்று நம்பி விட்டுவிடக் கூடாது.

ஸ்பா, மசாஜ்?

வீட்டுக்காரர் ஒருமுறை போனார். நன்றாக இருந்தது, விலை ரூம் வாடகையில் பாதி என்றார். வீட்டில் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர்களுக்குத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

இரண்டு நாளில் எதையெல்லாம் பார்க்கலாம்?

ஒன்றையும் பார்க்க வேண்டாம்! இந்தக் கேள்வியில்தான் எல்லோரும் கெட்டுப்போகிறார்கள். ‘காசு கொடுத்திருக்கோம்ல’ என்று நாயக்கர் மஹால், காந்தி மியூசியம், அழகர் கோயில், கீழடி என்று பட்டியல் போட்டால் ரூம் வெறும் பெட்டி வைக்கிற இடமாகிவிடும். ஒரு நாளைக்கு ஒருமுறை வெளியே போனால் போதும்.

அந்த ஒருமுறைக்கு நான் சொல்வது, ராத்திரி மீனாட்சி கோயில். மதுரைக்காரர்களிலேயே பாதிப் பேர் பள்ளியறைப் பூஜையைப் பார்த்திருக்க மாட்டார்கள். காலையில் ஓடிப்போய்க் கும்பிட்டுவிட்டு ஆபீஸ் போகிறவர்கள்தானே நாம். ஒன்பது மணிக்கு மேல் சுந்தரேஸ்வரர் பாதத்தைப் பல்லக்கில் வைத்து மீனாட்சி சன்னிதிக்கு எழுந்தருளச் செய்வார்கள். சாம்பிராணிப் புகை, மேளம், கூட்டம் கலைந்த பிரகாரம். கல் தரை பகல் சூட்டை இன்னும் விடாமல் வைத்திருக்கும், வெறுங்காலில் தெரியும். 2018 தீ விபத்துக்குப் பிறகு உள்ளே செல்போன் கிடையாது, ஆகவே அந்த ஒரு மணி நேரம் ஆபீஸ் போனும் வராது. போனை ஹோட்டல் ரூமிலேயே வைத்துவிட்டுப் போனால் வாசலில் வரிசையில் நின்று ஒப்படைக்கிற வேலையும் மிச்சம். மத்தியானம் பன்னிரண்டரையிலிருந்து நாலு வரை நடை சாத்தியிருக்கும். அம்மனே ஓய்வெடுக்கிற நேரத்தில் நாம் எங்கே சுற்றப் போகிறோம்?

மலை பிடிக்கிறவர்கள் பசுமலையில் தங்கினால் விடிகாலையில் கீழக்குயில்குடி போய் வரலாம். சமணர் மலை அடிவாரத்தில் தாமரைக் குளம், பக்கத்தில் அய்யனார் கோயில், பெரிய ஆலமரம். ஏழு மணிக்குள் திரும்பிவிடுங்கள், வெயில் ஏறிவிடும்.

திடீரென்று போக முடியாமல் போனால் பணம் திரும்ப வருமா?

‘திரும்பத் தரப்படாது’ என்று போட்ட விலை கொஞ்சம் மலிவாக இருக்கும். வீட்டில் வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் இருந்தால் அதை எடுக்காதீர்கள். ரத்து செய்யக்கூடிய விலையில் போட்டு, எந்தத் தேதி எத்தனை மணி வரை ரத்து செய்யலாம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

செக்-அவுட் நேரத்தைத் தள்ளிப் போடலாமா?

பெரும்பாலும் பகல் பன்னிரண்டு, சில இடங்களில் பதினொன்று. முந்தின நாள் சாயங்காலமே ரிசப்ஷனில் கேட்டால், ஆளில்லாத ஆடியில் இரண்டு மணி வரை விட்டுவிடுவார்கள், காசும் கேட்க மாட்டார்கள். அன்று காலை பதினொன்றரைக்குக் கேட்டால் ‘பாத்து சொல்றோம் மேடம்’தான்.

போன வருஷம் எங்களுக்கு இரண்டு மணி வரை கொடுத்தார்கள். சந்தோஷமாக அத்தையிடம் வந்து சொன்னேன். அவர் கட்டிலில் சாய்ந்தபடியே, ‘ரெண்டு மணிக்குக் கிளம்பினா மத்தியானச் சோறு யாருத்தா ஆக்குறது?’ என்றார். வீட்டுக்காரர் செல்போனிலிருந்து தலையை எடுக்கவே இல்லை. அத்தை என்னைப் பார்த்தார், நான் அத்தையைப் பார்த்தேன். கீழே ரெஸ்டாரண்டில் இறங்கி, 18 சதவீதத்தோடு சாப்பிட்டுவிட்டுத்தான் ஆட்டோ பிடித்தோம்.